உலோகம் கலந்த மண்ணும் பற்றீரியாவும்: மட்டக்களப்பு, அம்பாறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயல் செய்பவர்கள், வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்கள், பழைய கராஜ் இருந்த காணியை வாங்கிவிட்டு யோசித்துக்கொண்டிருப்பவர்கள், உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் என்று பலரும் மண்ணிலுள்ள பார உலோகங்களைப் பற்றியும் அவற்றின் நஞ்சைக் குறைக்கும் பற்றீரியாக்களைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒரே கேள்வி பல விதமாக வருவதால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும், விஷயம் அப்படி. நேரம் இல்லாதவர்கள் வயலில் தண்ணீர் கட்டுவது பற்றிய கேள்வியை மட்டுமாவது வாசியுங்கள்.

பற்றீரியா உலோகத்தைத் தின்று இல்லாமல் ஆக்கிவிடுமா?

இல்லை. டீசல் சிந்திய மண்ணில் பற்றீரியாக்கள் அந்த டீசலை உணவாக்கிக் காபனீரொட்சைட்டாகவும் தண்ணீராகவும் மாற்றிவிடும், அதாவது டீசல் உண்மையிலேயே காணாமல் போகும். உலோகம் அப்படியில்லை. கட்மியம், ஈயம், இரசம் (பாதரசம்), குரோமியம் எல்லாம் மூலகங்கள். மூலகத்தை எந்த உயிரினமும் உடைக்க முடியாது. இன்று உங்கள் மண்ணில் ஒரு கிராம் ஈயம் இருந்தால், யாரும் அள்ளிக்கொண்டு போகாதவரை, நூறு வருடம் கழித்தும் ஏறக்குறைய அது அங்கேதான் இருக்கும். "உலோகம் தின்னும் பற்றீரியா" என்று தலைப்புப் போடுகிறார்களே, அதை அப்படியே நம்பவேண்டாம்.

அப்படியானால் நஞ்சை நீக்குகிறது என்று எதைச் சொல்கிறார்கள்?

ஒரு உலோகம் எவ்வளவு நஞ்சு என்பது அது எவ்வளவு இருக்கிறது என்பதில் மட்டும் தங்கியில்லை, எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதிலும் தங்கியிருக்கிறது. தோல் பதனிடும் தொழிலிலும் உலோக முலாம் பூசும் தொழிலிலும் பேசப்படும் குரோமியத்தை எடுங்கள். ஆறு வலுவளவில் (வலுவளவு என்பது ஒரு அணு மற்றவற்றோடு சேரும் திறனைக் காட்டும் எண்) இருக்கும் குரோமியம் தண்ணீரில் நன்றாகக் கரையும், கிணற்றுக்குப் போகும், புற்றுநோயை உண்டாக்கும். அதே குரோமியம் மூன்று வலுவளவுக்கு மாறினால் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், எளிதில் கரையாது, நஞ்சும் மிகக் குறைவு. இந்த மாற்றத்தைச் செய்யும் பற்றீரியாக்கள் மண்ணில் நிறைய உண்டு, சூடோமோனாஸ் வகையிலும் பசிலஸ் வகையிலும் பலதை ஆய்வுகூடங்களில் பிரித்தெடுத்திருக்கிறார்கள். குரோமியத்தின் அளவு ஒரு துளிகூடக் குறையவில்லை, ஆனால் கிணற்றுத் தண்ணீர் குடிப்பவருக்கு ஆபத்து குறைந்துவிட்டது. இதைத்தான் நஞ்சு நீக்கம் என்கிறோம்.

இதில் ஒரு கவனம்: மண்ணில் மங்கனீசு ஒட்சைட்டு அதிகமாக இருந்தால் மூன்று வலுவளவுக் குரோமியம் திரும்பவும் ஆறாக மாறலாம். ஒரு முறை செய்துவிட்டோம், வேலை முடிந்தது என்று இருக்க முடியாது.

பற்றீரியா இதை எப்படிச் செய்கிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்குகிறேன். பற்றீரியா நமக்கு உதவி செய்ய இதைச் செய்யவில்லை, தன் உயிரைக் காப்பாற்றவோ தன் மூச்சுக்கோ செய்கிறது. அதனால் வழிகளும் பல.

முதலாவது வழி வெளியே தள்ளுவது. 1976 இல் பெல்ஜியத்தில் ஒரு நாகத் (சிங்க் உலோகத்) தொழிற்சாலையின் தொட்டியில், வேறு பற்றீரியாக்கள் செத்துப்போகும் அளவு உலோகம் உள்ள அடையலில், ஒன்று சௌகரியமாக வாழ்வதைக் கண்டுபிடித்தார்கள். இப்போது அதன் பெயர் கியூப்ரியாவிடஸ் மெட்டலிடியூரன்ஸ். அதற்குள்ளே இரண்டு பெரிய பிளாஸ்மிட்டுகள் (முக்கிய டி.என்.ஏ.க்குப் புறம்பாக இருக்கும் டி.என்.ஏ. வளையங்கள்) இருக்கின்றன, அவற்றில் உள்ள பரம்பரையலகுகள் (ஜீன்கள்) கோபாற்று, நாகம், கட்மியம் ஆகியவற்றைக் கலத்துக்கு வெளியே இறைத்துத் தள்ளும் பம்பிகளைச் செய்கின்றன. வயலில் வெள்ளம் ஏறினால் பம்பி வைத்து வாய்க்காலுக்கு இறைப்போமே, அதே வேலைதான். கலம் தப்பிவிடும், ஆனால் உலோகம் வெளியேதான் நிற்கிறது என்பதால் இந்த வழி தனியாக மண்ணுக்குப் பெரிய நன்மை தராது. (இதே பற்றீரியா கரைந்த தங்கத்தைத் திண்மத் தங்கத் துணுக்கைகளாக மாற்றும் என்று 2009 இல் காட்டினார்கள். அதற்காக யாரும் வாவிச் சேற்றில் தங்கம் தேடவேண்டாம், அளவு அவ்வளவு சிறியது.)

இரண்டாவது வழி பிடித்து வைப்பது. பற்றீரியாவின் கலச்சுவரிலும் அதைச் சுற்றியுள்ள பிசுபிசுப்பான படலத்திலும் மறை ஏற்றம் உள்ள இடங்கள் நிறைய. உலோக அயன்கள் நேர் ஏற்றம் கொண்டவை, அதனால் வந்து ஒட்டிக்கொள்ளும். செத்த பற்றீரியாவும் இதைச் செய்யும்.

மூன்றாவது, வடிவத்தை மாற்றுவது. மேலே சொன்ன குரோமியம் இதில் அடங்கும். இரசத்துக்கும் ஒரு தனி ஏற்பாடு உண்டு: சில பற்றீரியாக்களிடம் இருக்கும் ஒரு நொதியம் நஞ்சான இரச அயனை உலோக இரசமாக மாற்றுகிறது, அது ஆவியாகிக் காற்றோடு போய்விடுகிறது. அந்த மண்ணுக்கு நிம்மதி, ஆனால் இரசம் வேறொரு இடத்தில் மழையோடு இறங்கும். இதை நல்ல தீர்வு என்று என்னால் முழுமனதோடு சொல்ல முடியாது.

நான்காவது வழிதான் எனக்கு மிகவும் பெறுமதியாகத் தெரிகிறது: உலோகத்தைக் கல்லாக்குவது. ஒட்சிசன் இல்லாத சேற்றில் டிசல்போவிப்ரியோ போன்ற பற்றீரியாக்கள் நாம் ஒட்சிசனைச் சுவாசிப்பது மாதிரிச் சல்பேற்றைப் பயன்படுத்துகின்றன. அதில் ஐதரசன் சல்பைட்டு வெளியே வரும். வாவிக்கரைச் சேற்றைக் கிளறும்போது வரும் அழுகிய முட்டை மணம் அதுதான். அந்தச் சல்பைட்டு கட்மியம், ஈயம், நாகம், செம்பு எதைக் கண்டாலும் சேர்ந்து, தண்ணீரில் அநேகமாகக் கரையாத கனிப்பொருளாக்கிவிடும். இன்னும் சில பற்றீரியாக்கள் மண்ணில் பூட்டுப்பட்டிருக்கும் பொசுபேற்றை விடுவிக்கும், அது ஈயத்தோடு சேர்ந்து மிக உறுதியான ஒரு கனிப்பொருளை உண்டாக்கும்.

எங்கள் மண்ணிலும் இந்தப் பற்றீரியாக்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. ஒரு கிராம் வளமான மண்ணில் கோடிக்கணக்கில் பற்றீரியாக்கள் வாழ்கின்றன, அவற்றுள் உலோகத்தைத் தாங்குபவையும் மாற்றுபவையும் எப்போதும் இருக்கும். மனிதன் தொழிற்சாலை கட்டுவதற்கு முன்பே பாறைகளில் இருந்து உலோகம் கசிந்துகொண்டுதான் இருந்தது. நமது நாட்டிலேயே அம்பாந்தோட்டைப் பக்கம் உஸ்ஸங்கொடவில் இயற்கையாகவே நிக்கலும் குரோமியமும் அதிகமாக உள்ள சிவந்த மண் இருக்கிறது. அங்கே பெரிய மரம் வளராது, ஆனால் அந்த மண்ணுக்குப் பழகிய செடிகளும் நுண்ணங்கிகளும் வாழ்கின்றன.

வாய்க்காலில் எண்ணெய் மாதிரிப் பளபளப்பாக ஒரு படலம் மிதக்கிறது, அடியில் துருநிறத்தில் சேறு. யாரோ ஒயில் ஊற்றிவிட்டார்களா?

ஒரு தடியால் அந்தப் படலத்தைத் தொட்டுப் பாருங்கள். கண்ணாடி உடைவது போலத் துண்டு துண்டாகப் பிரிந்து அப்படியே நின்றால் அது இரும்புப் பற்றீரியாவின் வேலை. கலைந்து மீண்டும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டால் அது எண்ணெய். நிலத்தடியில் கரைந்திருந்த இரும்பு வெளியே வந்து காற்றுப் படும்போது, இந்தப் பற்றீரியாக்கள் அதை ஒட்சியேற்றித் துருவாக்குகின்றன. அது ஆபத்தில்லை, பார்க்கத்தான் அசிங்கம். அந்தத் துரு ஆசனிக் என்ற நஞ்சுப் பொருளை நன்றாகப் பிடித்து வைக்கும். நெல்லின் வேரைச் சுற்றியும் இதே போலச் செம்மண் நிறத்தில் ஒரு படை உண்டாகும், நாற்றைப் பிடுங்கிக் கழுவினால் தெரியும். ஆசனிக்கின் ஒரு பகுதி அதிலேயே சிக்கிக்கொள்ளும்.

நாங்கள் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இல்லையே. வயலுக்கு உலோகம் எப்படி வரும்?

முதல் வழி பசளை. ரீ.எஸ்.பி. போன்ற பொசுபேற்றுப் பசளை பாறையில் இருந்து செய்யப்படுகிறது, அந்தப் பாறையில் இயற்கையாகவே கட்மியம் இருக்கும். எந்த நாட்டுப் பாறை என்பதைப் பொறுத்து அளவு வேறுபடும். கடல் அடையல் பாறையில் பொதுவாகக் கூட, எரிமலைக் குழம்புப் பாறையில் குறைவு. ஒரு போகத்தில் போடுவது சிறிது, ஆனால் நான் முதலில் சொன்னது போல அது அங்கேயே தங்கும், போகத்துக்குப் போகம் சேரும்.

இரண்டாவது, கோழி எரு. கோழித் தீவனத்தில் செம்பும் நாகமும் சேர்ப்பதால் எருவிலும் வரும். கோழி எருவை நிறுத்தச் சொல்லவில்லை, ஒரே துண்டுக் காணியில் வருடக்கணக்காகக் கொட்டிக்கொண்டிருக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். பிறகு தரம் பிரிக்காத பட்டினக் குப்பையில் செய்த கூட்டெரு: அதற்குள் டோர்ச் பற்றரியும் உடைந்த மின்குமிழும் பெயின்ற் பேணியும் கிடந்தால் அந்த எரு உங்கள் கத்தரித் தோட்டத்துக்குத்தான் வரும். பிறகு பற்றரி உடைக்கும் இடம், பழைய இரும்புக் கடை, கராஜ். வீதியோர மண்ணில் பழைய ஈயமும் இருக்கும், ஈயம் கலந்த பெற்றோல் 2002 வரை நமது நாட்டில் விற்கப்பட்டது.

இதை வாசித்துவிட்டு நம் வயல் எல்லாம் நஞ்சு என்று பயப்பட வேண்டாம். அளந்து பார்க்காமல் யாரும் அப்படிச் சொல்லக்கூடாது.

வயலில் தண்ணீர் கட்டி வைப்பது நல்லதா, வடியவிடுவது நல்லதா?

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இது. வயலில் தண்ணீர் நிற்கிறதா இல்லையா என்பதுதான் மண்ணில் எந்தப் பற்றீரியா வேலை செய்யும் என்பதைத் தீர்மானிக்கிறது, அந்தத் தண்ணீரைத் திறப்பதும் மறிப்பதும் உங்கள் கையிலும் வட்டவிதானையின் கையிலும் இருக்கிறது.

தண்ணீர் கட்டிய சில நாட்களில் மண்ணில் இருந்த ஒட்சிசன் தீர்ந்துவிடும். பிறகு பற்றீரியாக்கள் ஒட்சிசனுக்குப் பதிலாக வேறொன்றைத் தேடும், அதிலும் ஒரு ஒழுங்கு உண்டு: முதலில் நைத்திரேற்று, பிறகு மங்கனீசு, பிறகு இரும்பு, பிறகு சல்பேற்று, கடைசியில் மெதேன் வாயுவை உண்டாக்குபவை. இரும்பின் முறை வரும்போது ஜியோபாக்டர் போன்றவை துருவைக் கரைக்கும். இந்த வகைப் பற்றீரியா ஒன்றை முதன்முதலில் 1987 இல் அமெரிக்காவில் பொடோமாக் ஆற்றின் சேற்றில் இருந்து எடுத்தார்கள், ஆனால் தண்ணீர் நிற்கும் நெல்வயல் எங்கேயும் அவற்றின் சொந்தக்காரர்கள் உண்டு. துரு கரைந்தால் அதில் சிக்கியிருந்த ஆசனிக் விடுபடும். கூடவே ஆசனிக்கும் ஐந்து வலுவளவில் இருந்து மூன்றுக்கு மாறும், அது அதிகம் அசையும், நஞ்சும் கூட. நெற்பயிர் சிலிக்கனை எடுக்கும் வழியாலேயே அதை உள்ளே எடுத்துவிடும், பயிருக்கு வித்தியாசம் தெரியாது.

ஆனால் சல்பேற்றின் முறை வரும்போது கட்மியம் சல்பைட்டாகிப் பூட்டுப்படும். அதனால் தண்ணீர் நிற்கும் வயலில் நெல்மணிக்குப் போகும் கட்மியம் குறையும். தண்ணீரை வடித்து மண் காய்ந்து வெடித்தால், காற்றுப் பட்டு அந்தச் சல்பைட்டு திரும்ப ஒட்சியேறி, கட்மியம் கரைந்து வேருக்கு வந்துவிடும். அதாவது கட்மியத்துக்குத் தண்ணீர் நல்லது, ஆசனிக்குக்குத் தண்ணீர் கெட்டது. ஒரே வயல், ஒரே வாய்க்கால், இரண்டு உலோகத்துக்கும் எதிர் எதிரான பதில். (ஆசனிக்கைச் சுத்தமான உலோகம் என்று சொல்ல மாட்டார்கள், உலோகப்போலி. நஞ்சு என்ற வகையில் இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.)

இது புத்தகத்துக் கதையில்லை. ஜப்பானில் தோயாமா பகுதியில் காமியோக்கா சுரங்கத்தின் கழிவு ஜின்சூ ஆற்றில் கலந்து, அந்தத் தண்ணீர் பாய்ந்த வயல்களின் அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு முறியும் அளவுக்கு நோய் வந்தது. கட்மியம்தான் காரணம் என்று 1968 இல் அந்நாட்டு அரசு ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு கட்மியம் உள்ள வயல்களுக்கு அங்கே சொல்லும் அறிவுரை: கதிர் வருவதற்கு 3 கிழமை முன்பிருந்து கதிர் வந்து 3 கிழமை வரை வயலில் தண்ணீர் நிற்கட்டும். நெல்மணிக்குக் கட்மியம் போகும் காலம் அதுதான். மண்ணை மாற்றவில்லை, மருந்து ஊற்றவில்லை, குடலைப் பருவத்தில் இருந்து பால் முற்றும் வரை பற்றீரியாவுக்கு வேலை செய்யும் சூழலைக் கொடுத்தார்கள்.

நம் பக்கத்துக்கு வந்தால், பெரும்போகத்தில் மழை இருக்கும், தண்ணீர் நிற்கும். சிறுபோகத்தில் சேனாநாயக்க சமுத்திரமோ உன்னிச்சைக் குளமோ எவ்வளவு தருகிறதோ அவ்வளவுதான், முறைத் தண்ணீர், கடைசிக் காலத்தில் வயல் காய்ந்துவிடும். ஆகவே ஒரே வயலில் இரண்டு போகத்து அரிசியிலும் ஒரே அளவு உலோகம் இருக்கும் என்று நினைக்க முடியாது. மண்ணில் எது பிரச்சினை என்று தெரிந்தால் தண்ணீரை அதற்கேற்ற மாதிரிக் கையாளலாம். கட்மியம் என்றால் கதிர்க் காலத்தில் காயவிடாதீர்கள். ஆசனிக் என்றால் இடையிடையே வடித்துக் காயவிட்டுத் திரும்பப் பாய்ச்சுவது நல்லது. இரண்டும் இருந்தால் கதிர் வரும் வரைக்கும் விட்டு விட்டுப் பாய்ச்சி, கதிர்க் காலத்தில் தண்ணீர் நிறுத்தும் நடுவழி ஒன்று உண்டு. அதையும் பரிசோதனை முடிவோடு விவசாயப் போதனாசிரியரிடம் பேசித்தான் செய்யவேண்டும். சல்பைட்டு அளவுக்கு மிஞ்சினால் நெல்வேர் கறுத்து அழுகும் என்பதையும் மறக்கவேண்டாம்.

அரிசியில் எவ்வளவு இருக்கலாம்?

சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின்படி தீட்டிய அரிசியில் கட்மியம் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம், அசேதன ஆசனிக் (ஆசனிக்கின் நஞ்சு கூடிய வடிவம்) 0.2 மில்லிகிராம். குடிநீரில் உலக சுகாதார அமைப்பின் அளவு லீற்றருக்கு ஆசனிக் 10 மைக்கிரோகிராம், கட்மியம் 3.

நல்ல தண்ணீரை நிறைய வைத்துச் சோறு வடித்தால் அசேதன ஆசனிக்கின் ஒரு பகுதி கஞ்சித் தண்ணீரோடு போய்விடும். ரைஸ் குக்கரில் அது போகாது. ஆனால் வடிக்கும்போது சில விற்றமின்களும் போகும், கஞ்சியைக் குடித்தால் போன ஆசனிக்கும் திரும்பி வரும்.

சிறுநீரக நோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

1990களில் இருந்து வடமத்திய மாகாணத்தில் பரவலாகக் காணப்படும், காரணம் உறுதியாகாத சிறுநீரக நோயைத்தான் கேட்கிறீர்கள். கட்மியம், ஆசனிக், வன்னீர் (கடினத் தண்ணீர்), புளோரைட்டு, விவசாய இரசாயனம், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது எல்லாவற்றையும் ஆராய்ந்திருக்கிறார்கள், ஒன்றுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. பற்றீரியா ஊற்றினால் இந்த நோய் வராது என்று யாராவது சொன்னால் அவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

போத்தலில் விற்கும் நுண்ணங்கித் திரவத்தை ஊற்றினால் உலோகம் போகுமா?

போகாது. சந்தையில் அதிகம் கிடைப்பவை இலற்றிக் அமில பற்றீரியாவும் மதுவமும் சேர்ந்த கலவைகள். கூட்டெரு உக்குவதற்கு அவை உதவலாம், கட்மியத்தோடு அவற்றுக்கு வேலை இல்லை.

உண்மையிலேயே உலோகத்தை மாற்றும் பற்றீரியாவை வளர்த்து ஊற்றினாலும் பெரும்பாலும் நிலைக்காது. ஆய்வுகூடத்தில் நல்ல சாப்பாட்டில் வளர்ந்தது வயலுக்கு வந்தால், ஏற்கனவே இடம் பிடித்திருக்கும் கோடிக்கணக்கானவற்றோடு போட்டி போடவேண்டும், மண்ணிலுள்ள புரோட்டோசோவாக்கள் அதைத் தின்றுவிடும். கொஞ்ச நாளில் எண்ணிக்கை விழுந்துவிடும். உள்ளூர் மண்ணில் ஏற்கனவே இருப்பதற்குச் சாப்பாடும் சூழலும் கொடுப்பதே பல இடங்களில் பலன் தந்த வழி.

வெளிநாட்டில் இருந்து நுண்ணங்கி வருவதில் வேறு ஆபத்தும் உண்டு. 2021 இல் இரசாயனப் பசளைத் தடை வந்த நேரத்தில் சீனாவில் இருந்து வந்த சேதனப் பசளையில் பயிர் நோயை உண்டாக்கக்கூடிய ஏர்வினியா வகைப் பற்றீரியா இருப்பதாகத் தாவரத் தொற்றுநீக்கப் பரிசோதனையில் சொல்லி, அந்தக் கப்பலைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த வருடம் வயல் செய்தவர்களுக்கு அது நினைவிருக்கும்.

உலகத்தில் எங்காவது பற்றீரியாவை வைத்து உண்மையிலேயே சுத்தம் செய்திருக்கிறார்களா?

ஆம். நெதர்லாந்தில் பூடல் என்ற இடத்தில் ஒரு நாகத் தொழிற்சாலைக்குக் கீழே நிலத்தடி நீர் நாகத்தாலும் சல்பேற்றாலும் கெட்டுப்போயிருந்தது. 1992 இல் இருந்து அந்தத் தண்ணீரை இறைத்து, சல்பேற்றைத் தாழ்த்தும் பற்றீரியாக்கள் உள்ள பெரிய தாங்கிக்குள் விடுகிறார்கள். நாகம் சல்பைட்டாக அடியில் படியும், அதை எடுத்துத் திரும்பவும் தொழிற்சாலைக்கே கொடுத்து நாகமாக்குகிறார்கள். உலோகம் மண்ணில் பூட்டுப்படுவதோடு நிற்காமல் அந்த இடத்தை விட்டே வெளியேறுகிறது என்பதால் எனக்கு இந்த முறையில் மதிப்பு அதிகம்.

இன்னொன்று அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் ரைபிள் என்ற ஊரில். பழைய யுரேனிய ஆலை இருந்த நிலம். ஜியோபாக்டர் பற்றீரியா கரையும் யுரேனியத்தைக் கரையாததாக மாற்றும் என்று 1991 இல் கண்டுபிடித்திருந்தார்கள், அதை நம்பி 2002 இல் நிலத்தடிக்குள் அசற்றேற்றைச் செலுத்தினார்கள். வினாகிரியில் இருப்பதும் அசற்றிக் அமிலம்தானே, பற்றீரியாவுக்கு அது நல்ல சாப்பாடு. வெளியில் இருந்து பற்றீரியா எதையும் கொண்டுவரவில்லை. அங்கேயே இருந்த ஜியோபாக்டர் பெருகியது, ஏறக்குறைய 50 நாட்களுக்குள் சில கிணறுகளில் யுரேனியம் நன்றாகக் குறைந்தது. பிறகு இரும்பு குறைய, சல்பேற்றைப் பயன்படுத்தும் பற்றீரியாக்கள் மேலோங்கின, யுரேனியம் திரும்பவும் ஏறியது. வெற்றியும் படிப்பினையும் ஒரே இடத்தில். தொடர்ந்து அளந்துகொண்டு நிற்காமல் இந்த வேலையைச் செய்ய முடியாது.

அப்படியானால் என் காணியில் நான் என்ன செய்யலாம்?

முதலில் வரும் வழியை அடையுங்கள். அடைக்காமல் மற்ற எதைச் செய்தும் பிரயோசனம் இல்லை. பொசுபேற்றுப் பசளையை மண் பரிசோதனைப்படி மட்டும் போடுங்கள், பலரது மண்ணில் ஏற்கனவே போதிய பொசுபரசு இருக்கும்.

மண் அமிலமாக இருந்தால் கட்மியம் அதிகம் கரையும், சுண்ணாம்போ டொலமைற்றோ இட்டுப் பீ.எச். பெறுமானத்தை 6.5 இற்குக் கிட்டக் கொண்டுவந்தால் குறையும். ஆசனிக்குக்கு இது பொருந்தாது, காரத்தன்மை கூடினால் அது இன்னும் அசையும். மாட்டெருவும் நன்கு உக்கிய கூட்டெருவும் உலோகத்தைப் பிடித்து வைக்கும், பற்றீரியாக்களுக்கும் சாப்பாடு. கரையோர மணல் நிலத்துக்கு இது இன்னும் தேவை, ஏனென்றால் மணல் எதையும் பிடித்து வைக்காது, கிணறும் ஆழமில்லை, மேலே ஊற்றுவது விரைவாகக் கீழே போகும்.

உமிக்கரியையும் சொல்லவேண்டும். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் அரிசி ஆலைகளில் உமி மலை மாதிரிக் கிடக்கிறது. சாம்பலாக்காமல், காற்றுக் குறைவாகக் கரியாக்கி மண்ணோடு கலந்தால் கட்மியத்தையும் ஈயத்தையும் பிடித்து வைக்கும், பற்றீரியா குடியிருக்க இடம் கொடுக்கும். உமியில் சிலிக்கன் நிறைய இருப்பதால் நெல் ஆசனிக்கை எடுப்பதும் குறையும். இவ்வளவு கிட்டக் கிடைக்கும் ஒரு பொருளை வீணாக எரிப்பதைப் பார்க்க எனக்கு மனவருத்தமாக இருக்கிறது.

வாவியில் மிதக்கும் ஆற்றுவாழையை எடுத்து உரமாக்கலாமா? அது உலோகத்தை உறிஞ்சும் என்கிறார்களே?

உறிஞ்சும், வேரில் சேர்த்து வைக்கும். அதனால்தான் கழிவு வந்து சேரும் இடத்தில் எடுத்த ஆற்றுவாழையைக் கூட்டெருவாக்கித் தோட்டத்துக்குப் போடவேண்டாம், தண்ணீரில் இருந்த உலோகத்தை உங்கள் கையாலேயே மண்ணுக்கு மாற்றுகிறீர்கள். சுத்தமான குளத்தில் எடுத்தது என்றால் சரி.

வாவிக்கரைக் கண்டல்களுக்கும் இதில் பங்கு உண்டு. கண்டல் சேற்றில் ஒட்சிசன் இல்லை, கடல் தண்ணீர் தரும் சல்பேற்று தாராளம், இலைகுழை உணவும் உண்டு. சல்பேற்றுப் பற்றீரியாவுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஊரில் இருந்து வடிந்து வரும் உலோகம் அங்கே சல்பைட்டாகப் படிந்து நிற்கிறது. கண்டலை வெட்டி, சேற்றைத் தோண்டிக் கரையில் போட்டால் காற்றுப் பட்டு அமிலம் உண்டாகும், பூட்டியிருந்த உலோகம் மழையோடு திரும்ப வாவிக்கு வரும், மீனுக்கும் இறாலுக்கும் போகும். கண்டலைக் காப்பாற்றச் சொல்வதற்கு மீன் இனப்பெருக்கம் மட்டும் காரணமில்லை.

பற்றீரியாவால் கெடுதலும் வருமா?

வரும். ஒட்சிசன் இல்லாத சேற்றில் சில பற்றீரியாக்கள் இரசத்தை மெதைல் இரசமாக மாற்றும், அது சாதாரண இரசத்தைவிட மோசம், சிறு மீனில் தொடங்கிப் பெரிய மீனில் சேர்ந்துகொண்டே போகும். அதற்குத் தேவையான இரண்டு பரம்பரையலகுகளை 2013 இல் கண்டுபிடித்தார்கள். கட்மியத்தைப் பூட்டும் அதே கூட்டத்தில்தான் இந்தப் பற்றீரியாக்களும் இருக்கின்றன. உடைந்த வெப்பமானியையும் குழாய் மின்குமிழையும் வாவியில் எறியவேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று, உலோகத்தைத் தாங்கும் பரம்பரையலகும் அன்ரிபயோட்டிக்கைத் தாங்கும் பரம்பரையலகும் பல நேரம் ஒரே பிளாஸ்மிட்டில் இருக்கும். உலோகம் கூடிய மண்ணில் மருந்துக்கு அடங்காத பற்றீரியாவும் பெருகலாம்.

பரம்பரையலகு மாற்றிய பற்றீரியா?

2000 ஆம் ஆண்டளவில் கதிர்வீச்சைத் தாங்கும் டெயினோகொக்கஸ் பற்றீரியாவுக்குள் இரசத்தை மாற்றும் பரம்பரையலகை வைத்துக் காட்டினார்கள். ஆய்வுகூடத்தில் நன்றாக வேலை செய்தது. திறந்த மண்ணில் விடுவதற்குச் சட்டமும் எச்சரிக்கையும் தடையாக இருக்கின்றன, நியாயமான தடை.

எங்கள் காணியில் முன்பு பற்றரி உடைத்திருக்கிறார்கள். மரக்கறி வைக்கலாமா?

பரிசோதிக்கும் வரை வைக்கவேண்டாம், முக்கியமாகக் கீரையும் கிழங்கும். ஈயம் மண்ணில் அதிகம் நகராது, மேல்மண்ணில்தான் நிற்கும், அதனால் பயிரைவிட ஆபத்து பிள்ளைகளின் கையிலும் வாயிலும். வெறும் மண்ணாக விடாதீர்கள், புல் வளருங்கள் அல்லது நல்ல மண் போட்டு மூடுங்கள். வேறு மண் நிரப்பிய உயர்ந்த பாத்தியில் மரக்கறி வைக்கலாம். பொசுபேற்றும் அதை விடுவிக்கும் பற்றீரியாவும் ஈயத்தைப் பூட்டும் என்பது உண்மை, ஆனால் பிள்ளைகள் விளையாடும் வளவில் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு. வலைக்கு ஈயம் வார்க்கும் வீடுகளுக்கும் இதே சொல்: குசினியில் உருக்கவேண்டாம், பிள்ளைகள் நிற்கும் இடத்தில் உருக்கவேண்டாம், அந்தச் சட்டியை வேறு எதற்கும் எடுக்கவேண்டாம்.

உயர்தர மாணவர்கள் இதை வைத்து ஒரு செயற்றிட்டம் செய்யலாமா?

தாராளமாக. ஒரு பெரிய பிளாஸ்ரிக் போத்தலில் வாவிச் சேற்றைப் போட்டு, கிழித்த பத்திரிகைத் தாளும் அவித்த முட்டை மஞ்சள்கருவும் கலந்து, மேலே வாவித் தண்ணீர் ஊற்றி, வெளிச்சம் படும் யன்னலில் வையுங்கள். 19 ஆம் நூற்றாண்டில் வினோகிராட்ஸ்கி என்ற விஞ்ஞானி தொடக்கிவைத்த முறை இது. சில கிழமைகளில் அடியில் கறுப்புப் படை வரும், அது இரும்புச் சல்பைட்டு, நான் மேலே சொன்ன கல்லாக்கும் வேலையைக் கண்ணால் பார்க்கலாம். பிறகு பச்சையும் ஊதாவுமாகப் படைகள் வரலாம். மூடியை இறுக்கவேண்டாம், வாயு சேரும். கட்மியம், ஈயம் எதையும் வாங்கிப் போட்டுப் பரிசோதிக்காதீர்கள், இரும்பே போதும்.

மண்ணைப் பரிசோதிக்க எப்படி எடுப்பது, எங்கே கொடுப்பது?

ஒரே இடத்தில் எடுக்கவேண்டாம். காணியில் பல இடங்களில், மேலிருந்து 15 சென்ரிமீற்றர் ஆழம் வரை எடுத்து, சுத்தமான பிளாஸ்ரிக் வாளியில் கலந்து, அதில் அரைக் கிலோ அளவு புதிய பொலித்தீன் பையில் போடுங்கள். நாகம் பூசிய தகர வாளியோ துருப்பிடித்த மண்வெட்டியோ வேண்டாம், அதிலிருந்தே நாகமும் இரும்பும் மண்ணில் கலந்துவிடும். வரம்போரம், எருக் குவியல் இருந்த இடம், மாடு கட்டும் இடம் தவிருங்கள். கராஜ் பக்கம் சந்தேகமான துண்டு இருந்தால் அதைத் தனியாக எடுங்கள், மற்றதோடு கலந்தால் அளவு மறைந்துவிடும். பையில் இடமும் திகதியும் வயலில் தண்ணீர் நின்றதா காய்ந்திருந்ததா என்பதும் எழுதுங்கள்.

சாதாரண மண் பரிசோதனையில் பீ.எச்., பொசுபரசு, பொற்றாசியம்தான் வரும். பார உலோகம் வேண்டும் என்று தனியாகக் கேட்கவேண்டும், எந்த உலோகம் என்றும் சொல்லவேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காசு. கமநல சேவைகள் நிலையத்திலோ விவசாயப் போதனாசிரியரிடமோ முதலில் விசாரியுங்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன, அங்குள்ள விவசாய, விஞ்ஞானத் துறை ஆசிரியர்களிடமும் கேட்கலாம். ஒரு வட்டையில் உள்ள நாலைந்து பேர் சேர்ந்து கொடுத்தால் செலவும் பகிரும், பக்கத்து வயல்களோடு ஒப்பிட்டும் பார்க்கலாம்.